காத்திருக்கும் நத்தையும் காத்திருக்க இயலாச் சிப்பியும்

1846ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எகிப்தியப் பாலைவன நத்தையொன்று, வெற்று ஓடு எனக் கருதப்பட்டு, இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஓர் அட்டையில் பசையிட்டு ஒட்டப்பெற்றது. நான்காண்டுகள் கழித்து, 1850 மார்ச்சில், அதன் ஓட்டு வாயில் புதிய படலத்தின் அடையாளம் தென்படவே, வெதுவெதுப்பான நீரில் இட்டுப் பார்த்தனர். நத்தை தலையை நீட்டி ஊரத் தொடங்கியது! அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுகள் அது உயிர் வாழ்ந்தது. இச்செய்தியை வியவாதார் இலர். ஆயினும் அவ்வியப்பினூடே, வறண்ட நாட்டு உயிர்கள் எத்தகைய வறட்சியையும் தாங்கிக்கொள்ளும் என்னும் பிழையான எண்ணமும் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணத்தை மறுக்கவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. சான்றாக யான் கொள்வது அதே வடஆப்பிரிக்காவின் மேற்கு முனையிலுள்ள மொராக்கோ நாடு. பதினான்காம் நூற்றாண்டில் நம் மதுரை வரை வந்து சென்ற பயணி இப்னு பதூதா பிறந்த மண் அது.

அந்நாட்டின் நிலநத்தைகள் கோடையைக் கடக்கும் முறை கற்றுணரத் தக்கது. வெயிற்காலத்தில் வெண்ணிற நத்தைகள் காய்ந்த செடித் தண்டுகளில் கொத்துக் கொத்தாய் ஏறி அமர்ந்துவிடும். சுடுமண்ணினும் சிறிது மேலே காற்றின் வெப்பம் குறைவு. வெண்மையான ஓடு வெயிலைத் திருப்பி அனுப்புகின்றது. ஓட்டின் வாயைச் சளிப்படலம் ஒன்றால் அடைத்துக்கொண்டு, உடலின் இயக்கத்தை மிகத் தாழ்த்தி, மழை வரும்வரை உறங்கும். இவற்றைப் பிடித்து, அதிமதுரமும் சோம்பும் இன்னபிற மூலிகைகளும் சேர்த்து வேகவைத்த சாற்றை மராகேஷ் நகரத்துச் சதுக்கத்தில் மக்கள் விரும்பி அருந்துவர். அங்கு வழங்கும் மாலிகி மத்ஹபு, உயிருடன் பிடித்துச் சமைத்த நிலநத்தையை வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டு அனுமதிக்கின்றது. நம்மூர் அன்பர்கள் முகஞ்சுளிப்பர் என்பது வேறு செய்தி.

இனி, அதே நாட்டின் ஆற்றுக்குள் நோக்குவோம். உம்முர் ரபீஆ ஆற்றின் சில கிளையாறுகளில் நன்னீர் முத்துச்சிப்பி இனம் ஒன்று வாழ்கின்றது. உலகில் வேறெந்த நாட்டிலும் அது இல்லை. பல்லாரி என்னும் அறிஞர் 1918இல் அதற்குப் பெயரிட்டார். நெடுங்காலம் அழிந்துபோனதாகவே எண்ணப்பட்ட அவ்வினம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

இச்சிப்பிக்கு நத்தையின் உறக்கம் வாய்க்கவில்லை. நீரை உள்ளிழுத்து வடித்தே அது மூச்சு விடுகின்றது. உணவும் அவ்வாறே பெறுகின்றது. அதன் நுண்குஞ்சுகள் மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு சிலகாலம் வளர்ந்த பின்னரே ஆற்றின் சரளைக்கற்களுக்கிடையே உதிர்ந்து நிலைகொள்ளும். ஆறு ஒரு கோடையில் முற்றிலும் வறண்டால் தாய்ச்சிப்பி மடியும். அணையால் மீன் மறிக்கப்பட்டால் அடுத்த தலைமுறை தோன்றாது. அவ்வாற்றின் கிளையான வாதில் அபீதின் குறுக்கே பின் அல் வீதான் அணை 1953இல் நிறைவுற்றது. கீழே மஸீரா பேரணை 1979இல் எழுந்தது. 2018 தொடங்கித் தொடர்ந்து பல ஆண்டுகள் மழை பொய்த்தபோது, 2024இன் தொடக்கத்தில் அம்மஸீரா நீர்த்தேக்கமே ஏறக்குறைய வறண்டு கிடந்தது.

"மாந்தர் தாகத்தால் வாடுகையில் சிப்பிக்காக இரங்குவதா?" என்று வினவலாம். எளிய வினாவன்று. ஆட்டு மந்தைகள் குறைந்துபோனமையால், 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானியைத் தவிர்க்குமாறு மன்னர் ஆறாம் முகம்மது தம் மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அத்தகைய நாட்டின் உழவரிடம், நீரை விட்டுக்கொடுங்கள் என்று தொலைவிலிருந்து அறிவுரை பகர்தல் நமக்கு அழகன்று. ஆனால் சிப்பி நீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை என்பதை மறத்தல் கூடாது. அதன் உடலினூடே சென்ற நீர் முன்னினும் தெளிந்து மீண்டும் ஆற்றிலேயே ஓடுகின்றது. சிப்பிப் படுகைக்கு மேலே நீரைத் திருப்பும் மடையைப் படுகைக்குக் கீழே அமைத்தால், இயன்ற இடங்களில் பெரும்பாலான நீரை உழவரும் பெறுவர், சிப்பியும் பிழைக்கும். எனவே எவ்வளவு நீர் எடுக்கின்றோம் என்பதோடு, எவ்விடத்தில் எடுக்கின்றோம் என்பதையும் கேட்டாக வேண்டும். இவ்விரண்டாம் வினாவை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஊற்றுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கடுகளவே உள்ள நத்தை இனங்கள் பல, அந்நாட்டில் ஒரேயோர் ஊற்றில் மட்டுமே வாழ்வன. கிணற்று நீரில், ஒளியே அறியாது, கண்ணிழந்து வாழ்வனவும் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை இறக்கும்போது, அங்கு ஓர் உயிர் இருந்தது என்று சொல்ல ஒரு வெற்று ஓடேனும் எஞ்சுமா என்பது ஐயமே. ஓர் ஊற்றைக் கட்டிக் குழாய் இடுமுன், பொறியாளரோடு உயிரியல் கற்ற ஒருவரும் சென்று ஒருநாள் கல்லைப் புரட்டிப் பார்த்து வருதல் பெருஞ்செலவாகாது. மொராக்கோவின் பல்கலைக்கழகங்களில் நன்னீர் நத்தைகளை ஆராய்வோர் இருக்கின்றனர். மடை கட்டும் நாளுக்கு முன்பே அவர்களை அழைப்பது நன்று.