கருப்புப் பட்டை டிவி பழுது அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு நழுவுகிறவர்கள் இப்போதே நழுவிவிடலாம்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: “சிட்காம்ல பார்க்க என்ன சார் இருக்கு? ஒரு சோபா, நாலு பேரு, பின்னாடி சிரிப்புச் சத்தம். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலே போதும்.” அதற்குப் பதினைந்து பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தீர்கள். சினிமாவுக்குத்தான் காட்சி மொழி உண்டு, டிவி நகைச்சுவைத் தொடர் என்றால் படம் போட்ட ரேடியோ என்பது உங்கள் கட்சி. நான் எதிர்க்கட்சி. கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது விகிதக் கணக்கு.

பழைய டிவியின் திரை அகலம் 4 என்றால் உயரம் 3. இன்றைய டிவி 16-க்கு 9. பழைய படத்தை இன்றைய திரையில் முழுதாகக் காட்டினால் இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும். அந்தப் பட்டை பிடிக்காதவர்கள் படத்தைப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டுகிறார்கள். எவ்வளவு போகும்? அகலம் 4 என்றே இருக்கட்டும். உயரம் 3-லிருந்து 2.25 ஆகிவிடும். சரியாக 25 சதவீதம். நாலில் ஒரு பங்கு படம் குப்பையில்.

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க கார்ட்டூன் சிட்காமின் பழைய பாகங்களை இப்படித்தான் வெட்டிப் போட்டார்கள். அதில் ஒரு பீர் ஆலைக் காட்சி உண்டு. மூன்று பெரிய தொட்டிகள், மூன்றிலும் வேறு வேறு பெயர், மூன்று வகை பீராம். ஆனால் மேலே பார்த்தால் ஒரே குழாயிலிருந்துதான் மூன்று தொட்டிக்கும் ஊற்றுகிறது! யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பார்த்தால்தான் சிரிப்பு. வெட்டியதில் அந்தக் குழாய் போய்விட்டது. மிச்சம், சும்மா நிற்கிற மூன்று தொட்டிகள். ரசிகர்கள் போட்ட சத்தத்தில் 2020 மே மாதம் பழைய அளவில் பார்க்க வழி செய்தார்கள்.

அடுத்தது ‘சைன்ஃபெல்ட்’. 1997-இல் வந்த ஒரு பாகத்தின் பெயரே ‘பாட்ஹோல்’, அதாவது ரோட்டுப் பள்ளம். ஜார்ஜ் என்பவன் தன் சாவியை அந்தப் பள்ளத்தில் தொலைத்துவிடுகிறான். 2021-இல் இந்தத் தொடர் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது அகலத் திரைக்காகக் கீழ்ப்பக்கம் வெட்டியதில், அவன் குனிந்து பார்க்கிற காட்சியில் பள்ளத்தையே காணோம்! தலைப்பில் இருக்கிற பள்ளம் படத்தில் இல்லை. மனுஷன் ஒன்றுமில்லாத தரையை வெறிக்கிறான்.

தம்பி, இப்போது சொல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும் என்றாயே, வசனத்தில் ஓர் எழுத்துகூடக் குறையாதபோது நகைச்சுவை எங்கே போனது?

“ஆனாலும் சார், எல்லாம் ஒரே வெளிச்சம், நிழலே இல்லை, கேமரா நகரவே மாட்டேங்குது” என்பீர்கள். தெரியாமல் செய்தது என்று நினைக்கிறீர்களா? 1951-இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது அதன் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்திலும் முர்னாவின் ‘தி லாஸ்ட் லாஃப்’ படத்திலும் கேமரா பிடித்தவர். ‘தி குட் எர்த்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். நிழலை வைத்து வித்தை காட்டிய அந்த மனிதர்தான் இங்கே மேலிருந்து சமமாக வெளிச்சம் போட்டு நிழலை விரட்டினார். காரணம் இருக்கிறது. எதிரே ஜனங்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடுகிறது. சினிமாவில் செய்வதுபோல ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிறுத்தி விளக்கை மாற்றினால் அந்தச் சிரிப்பு செத்துவிடும். ஒருத்தி பேசுவதும் அதைக் கேட்டு இன்னொருத்தி விழிப்பதும் ஒரே நொடியில் பதிவாக வேண்டும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும். தட்டையான வெளிச்சம் என்று நீங்கள் ஏளனம் செய்வது, முகத்துக்காகச் செய்த ஏற்பாடு.

அதே தொடரில் 1952-இல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை யூடியூபில் தேடிப் பாருங்கள். லூசியும் அவள் தோழியும் கன்வேயர் பெல்ட் முன்னால் நிற்கிறார்கள். சாக்லேட் மெதுவாக வருகிறது, பிறகு வேகமாக வருகிறது. சுற்ற முடியாததை வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். பெல்ட், கை, வாய், தொப்பி எல்லாம் ஒரே ஃபிரேமில். இதில் நாலில் ஒரு பங்கை வெட்டினால் என்ன ஆகும்? மேலே வெட்டினால் தொப்பி போச்சு, கீழே வெட்டினால் பெல்ட் போச்சு. உங்கள் அபிமான இயக்குநர்கள் மாதிரி கேமராவைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டிருந்தால் எனக்குத் தலைதான் சுற்றியிருக்கும்.

ஆடும் கேமராவும் வேண்டிய இடத்தில் வேண்டும், மறுக்கவில்லை. ‘தி ஆபீஸ்’ தொடரில் ஆவணப்படம் எடுக்கிற குழு ஒளிந்து பார்ப்பது போல ஜன்னல் திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது கேமரா. சிரிப்புச் சத்தம் கிடையாது. மேனேஜர் ஏதாவது உளறியதும் ஜிம் என்கிற பையன் நம்மைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். அவ்வளவுதான், வசனமே வேண்டாம். லூசியில் முன்னால் உட்கார்ந்திருந்த ஜனங்கள் செய்த வேலையை இங்கே அந்தப் பார்வை செய்கிறது. இரண்டும் இரண்டு வழி. ஒன்று கலை, மற்றது சோம்பேறித்தனம் என்று மார்க் போட உங்களுக்கு யார் சொன்னது?

இனி உறவுகளுக்கு. அமெரிக்காக்காரன் வெட்டினான் என்று உச்சுக் கொட்ட வேண்டாம், நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது அதைவிட மோசம். வெட்டுவதற்குப் பதில் இழுக்கிறீர்கள்! 4-க்கு 3 படத்தைத் திரை முழுக்க இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். வட்டம் நீள்வட்டமாகும். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பாலையா மிரளும் காட்சியை ஒரு வீட்டில் இப்படிப் பார்க்க நேர்ந்தது. அந்த ஒல்லிக்குச்சி உடம்புதான் நாகேஷின் பாதி நகைச்சுவை. அவரைப் பூசணிக்காய் ஆக்கி வைத்திருந்தார்கள். கேட்டால், “55 இஞ்ச் காசு கொடுத்து வாங்கியிருக்கோம், ரெண்டு பக்கமும் சும்மா கருப்பா கிடக்கு” என்று பதில். வேட்டி அகலமாக இருக்கிறது என்பதற்காக ஆளை யாராவது இழுப்பார்களா?

ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ என்று இருக்கும். பழைய படமோ தொடரோ வந்தால் 4:3 வையுங்கள். மாப்பிள்ளை, பொங்கலுக்கு வரும்போது உங்கள் வீட்டு டிவியை நானே மாற்றுவேன். ரிமோட்டை ஒளித்து வைக்க வேண்டாம்.