தூக்கிய ஜீப்பும் திரும்பாத ஸ்டியரிங்கும்

கேள்வி: “வாய்க்கால் பாதையில் அடி தட்டாமல் போகட்டும் என்று, பழைய மஹிந்திரா ஜீப்பை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் விட்டு, முன்னும் பின்னும் ஷேக்கிளை 2 அங்குலம் நீளமாக்கினோம். இப்போது வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி இரண்டு பக்கமும் அலைகிறது. அலைன்மென்ட் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?”
- வாசகர், மதுராந்தகம்.

பதில்: சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் முன்சக்கரம் நேராக ஓடுவதற்கு, ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பது ஒரு முக்கியக் காரணம். ஜீப்பிலும் அதே கணக்குதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்சக்கரம் திரும்பும் கிங்பின் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வுக்குப் பெயர் கேஸ்டர். வளைவு முடிந்ததும் சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவது இதுதான்.

மஹிந்திரா ஜீப்புகளின் மூலமான வில்லிஸ் சி.ஜே. வண்டிகளுக்கு இந்தச் சாய்வு 3 டிகிரி. இந்த வண்டிகளில் முன்கமானின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது சுமார் 1 அங்குலம்தான். ஆனால், கமானின் முன்முனை மட்டும் 2 அங்குலம் கீழே இறங்குகிறது. கமானின் நீளம் சுமார் 36 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அச்சு ஏறத்தாழ 3 டிகிரி முன்பக்கம் உருண்டுவிடும். இருந்த சாய்வு முழுவதும் போய்விட்டது. ஸ்டியரிங் திரும்பி வராததற்குக் காரணம் இதுவே.

அலைன்மென்ட் கடையில் சரியாகாததும் அதனால்தான். ஒரே அச்சாக உள்ள இந்த வண்டிகளில் அங்கே திருத்தக்கூடியது டோ-இன் மட்டுமே. கேஸ்டரை அளந்து சொல்லலாம். டைராடைத் திருகி மாற்ற முடியாது.

செலவு செய்வதற்கு முன் டயர் காற்று, கிங்பின் பேரிங், டைராடு முனைகள், ஸ்டியரிங் பெட்டியின் ஆட்டம், கமான் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் தேய்மானம் இருந்தாலும் வண்டி அலையும். பிறகு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கேஸ்டரை அளந்து எழுதி வாங்குங்கள்.

சாய்வு குறைந்திருந்தால் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, முன்பக்கம் பழைய அளவு ஷேக்கிளையே திரும்பப் போடுவது. 1 அங்குல உயரத்துக்காகப் பிடிப்பை இழப்பது லாபமல்ல. சோர்ந்துபோன கமானைப் புதிதாக மாற்றினாலே, இழந்த உயரத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது வழி, கமானுக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைப்பது. குறைந்த டிகிரிக்கு ஏற்ற ஆப்பு போதும். கமான் அச்சுக்குக் கீழே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். அச்சுக்கு மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். மாற்றி வைத்தால் கோளாறு இரட்டிப்பாகும். அலுமினிய ஆப்பு நசுங்கும், உடையும். இரும்பு ஆப்பே நல்லது. சென்டர் போல்ட்டை நீளமானதாக மாற்றி, யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்குவது கட்டாயம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சைப் பின்னால் சாய்த்தால், டிஃபரன்ஷியலின் பின்முனை கீழே இறங்கும். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் கூடும். நான்கு சக்கர ஓட்டத்தில் அதிர்வோ சத்தமோ வந்தால் ஆப்பு அதிகம் என்று பொருள். நிறைய டிகிரி தேவைப்பட்டால் ஆப்பின் மேல் ஆப்பு அடுக்கக் கூடாது. அச்சு முனையை வெட்டித் திருப்பி வெல்டிங் செய்யும் வேலை சாதாரணப் பட்டறைக்கு உரியதல்ல. அந்த வெல்டிங் விட்டால் சக்கரம் கையில் நிற்காது.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது இந்த மாற்றமே கேள்வியாக நிற்கலாம்.

உயர்த்திய ஜீப்பின் பாரமையமும் உயர்ந்திருக்கும். மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு வரப்பில் சாய்வாகப் போகும்போது கவிழும் வாய்ப்பு அதிகம். ஸ்டியரிங் சரியாகும் வரை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள், குழந்தைகளை ஏற்றாதீர்கள். சரிசெய்த பிறகு, காலியான மைதானத்தில் மெதுவாக ஓட்டி, வளைவில் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பினால் வேலை சரி.