முதலில் பஸ், பிறகு கட்டணம்

கூட்ட நேரத்தில் தி.நகருக்கோ அண்ணா சாலைக்கோ கார் எடுத்துப் போனால் நெரிசல் கட்டணம் வாங்க வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டும். உடனே, "டோல்கேட்டில் பிடுங்குவது போதாதா?" என்று நம்மவர்கள் பாய்வார்கள். டோல்கேட்டில் கொடுப்பது சாலை போட்ட செலவுக்கு. நள்ளிரவில் பறந்தாலும் பொங்கலுக்கு முதல் நாள் ஊர்ந்தாலும் அதே தொகைதான். நெரிசல் கட்டணமோ, எல்லோரும் முட்டிமோதும் நேரத்தில் தெருவை அடைத்துக்கொள்வதற்கு வாடகை மாதிரி. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

சிங்கப்பூரில் 1975 ஜூனிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் நகர மையத்துக்குள் கார் நுழைய ஒரு நாளுக்கு 3 வெள்ளி. காரில் நான்கு பேர் இருந்தால் இலவசம்! (நம் ஊராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் வலிய ஏற்றிக்கொண்டு போயிருப்போம்.) லண்டனில் 2003-இல் 5 பவுண்டு என்று வைத்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஹோம்காரர்கள் செய்த முறைதான். அங்கே கட்டணம் வந்தது 2006 ஜனவரியில். அதற்கான கூடுதல் பஸ்களோ 2005 ஆகஸ்டிலேயே ஓட ஆரம்பித்துவிட்டன. ஏழு மாதம் சோதனை ஓட்டம். நகருக்குள் வரும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு செப்டம்பரில் வாக்கெடுப்பு. முதலில் முணுமுணுத்த நகரத்து ஜனங்களே பெரும்பான்மையாக 'சரி' என்றார்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு ஏறுவதற்கு வாசலில் பஸ் நின்றதல்லவா?

இங்கே நடப்பதைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-இன்படி அடிப்படை விகிதம் காருக்கு கிலோமீட்டருக்கு 65 காசு, பஸ்ஸுக்கு 2 ரூபாய் 20 காசு. கனமான வண்டி சாலையைத் தேய்க்கும் என்பார்கள். இருக்கட்டும். ஐம்பது பேரைச் சுமக்கும் அரசு பஸ், ஐம்பது கார்களை ரோட்டுக்கு வராமல் தடுக்கிறதே, அதற்குக் கழிவு கிடையாதா? கப்பலூர் உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பாக்கி 276 கோடி ரூபாய் என்று வழக்காகி, 2025 ஜூலையில் அரசு பஸ்களை அங்கே அனுமதிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. பிறகு அதை நிறுத்திவைத்தார்கள். பாக்கி வைத்தது தப்புதான். அரசு பஸ்ஸிடம் டோல் கேட்பது அதைவிடத் தப்பு.

சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். நல்ல காரியம். நெரிசல் கட்டணம் கொண்டுவருவதானால், ஆறு மாதம் முன்னதாகவே, முழங்கால் வலிக்காரர்களும் ஏறுகிற தாழ்தள பஸ்களைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விடட்டும். அப்புறம் என் காருக்குக் கட்டணம் கேட்டால், நான் முணுமுணுக்க மாட்டேன்.