எலிக்கு குணமாச்சாம்... எந்த எலிக்கு சாமி?

"எலிகளில் சினைப்பை புற்றுநோய் பரவுவது தடுக்கப்பட்டது". இப்படி ஒரு செய்தி வந்தா போதும், பத்தே நிமிஷத்துல வாட்ஸப்புல சுத்த ஆரம்பிச்சிடுது. இன்னொரு கோஷ்டி உடனே, "எலியை வச்சு மனுஷனுக்கு மருந்தா? எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு கிளம்பிடுது. ரெண்டு கோஷ்டியும் கேக்காத ஒரே கேள்வி: எந்த எலி?

நான் டாக்டர் இல்லை மக்களே, பொட்டி தட்டுற ஆளு. ஆனா டெஸ்டிங்னா என்னன்னு கொஞ்சம் தெரியும். லாகின் பக்கத்தையே தூக்கிட்டு "லாகின்ல ஒரு பக் கூட இல்லை"ன்னு ரிப்போர்ட் கொடுத்தா என் மேனேஜர் என்னை சும்மா விடுவாரா? இங்க பல வருஷமா அதைத்தான் செஞ்சிருக்காங்க.

சினைப்பை கேன்சர் ஆளைக் கொல்றதே பரவித்தான். கட்டியிலிருந்து செல்கள் உதிர்ந்து, வயித்துக்குள்ள இருக்கிற நீர்ல மிதந்து போய், குடலுக்கு முன்னாடி கொழுப்புத் திரை மாதிரி தொங்குற ஓமெண்டத்துல ஒட்டிக்கும். பெரும்பாலானவங்களுக்கு இதுக்கு அப்புறம்தான் நோயே தெரிய வருது. சரி, இதை எலியில எப்படி ஆராய்ச்சி பண்றாங்க? ரொம்ப காலமா சுலபமான வழி, கேன்சர் செல்லை ஊசியில எடுத்து நேரா எலி வயித்துக்குள்ள போடறது. அப்போ கட்டியிலிருந்து கழண்டு வர்ற முதல் கட்டமே காணோமே! பரவி முடிஞ்ச இடத்துல கொண்டு போய் விட்டுட்டு, பரவலை ஆராயறோம்னு சொன்னா எப்படி?

போடுற செல்லாவது ஒழுங்கானதான்னா அதுவும் இல்லை. 2000-ல அமெரிக்காவுல கான்சஸ்ல உருவாக்கின ஐடி8-ங்கிற எலி செல் வகைதான் இந்தத் துறையோட செல்லப்பிள்ளை. (அதைப் போடுறது கருப்பு எலியில. வெள்ளெலின்னு நினைச்சிட்டு இருந்தீங்களா? :-)) பெண்களை அதிகம் கொல்ற வகை சினைப்பை கேன்சர்ல 96 சதவீதத்துல டிபி53 மரபணு கெட்டுப் போயிருக்குன்னு 2011-ல ஒரு பெரிய ஆய்வு காட்டிடுச்சு. ஐடி8-ல அந்த மரபணு நல்லாவே இருக்கு! 2016-ல கிளாஸ்கோ ஆளுங்க இதை வெளிச்சம் போட்டுக் காட்டி, கிரிஸ்பர் வச்சு அந்த மரபணுவை வெட்டி எடுத்தாங்க. கட்டி வேகமா வளர்ந்துச்சு, எலிகள் சீக்கிரம் செத்துச்சு. கூடவே பிஆர்சிஏ2-வையும் வெட்டினதும், பார்ப் தடுப்பு மருந்துக்கு செல்கள் நல்லா மசிஞ்சுது. ரெண்டு மரபணு மாறினதுல மருந்தோட ரிசல்ட்டே மாறுது. அப்போ "எலியில வேலை செஞ்சுது"ங்கிற வரிக்கு என்னய்யா அர்த்தம்?

மனுஷங்க செல்லைப் போடுற எலிகள் கதை இன்னும் மோசம். வேற உயிரோட செல்லை உடம்பு ஏத்துக்கணும்னு எதிர்ப்பு சக்தி இல்லாத எலியாப் பாத்து எடுக்கறாங்க. அதுல இம்யூனோதெரபி பத்தி என்னத்த பேச?

இதைப் படிச்சிட்டு எலி எதிர்ப்பு கோஷ்டி விசிலடிக்க வேண்டாம். 2012-ல ஹூஸ்டன்ல ரெண்டு மரபணுவை நீக்கி ஒரு எலியை உருவாக்கினாங்க. அதுல கேன்சர் கருக்குழாய்ல ஆரம்பிச்சு, சினைப்பையைச் சுத்தி வளைச்சு, அப்புறம் வயிறு முழுக்க பரவுச்சு. சின்ன வயசுலயே குழாயை எடுத்துட்டா நோயே வரலை. அடுத்த வருஷமே பாஸ்டன்ல வேற மரபணுக் கூட்டணியை வச்சு செஞ்ச எலியிலயும் ஆரம்பம் கருக்குழாய்தான். பேரு என்னமோ சினைப்பை கேன்சர்! 2014-ல இன்னொரு குழு ரெண்டு எலியை ஒண்ணாத் தச்சு, ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்குள்ள ஓடும்படி செஞ்சாங்க. கேன்சர் ரத்தம் வழியா அடுத்த எலியோட ஓமெண்டத்துக்கே போய்ச் சேர்ந்துச்சு. இதையெல்லாம் எந்தப் பெண்ணோட உடம்புல பாத்திருக்க முடியும்? சொல்லுங்க.

பிரிட்டன்ல ரெண்டு லட்சத்துக்கும் மேல பெண்களை வச்சு நடந்த ஸ்கிரீனிங் சோதனை, சாவு எண்ணிக்கையைக் குறைக்கலைன்னு 2021-ல கைவிரிச்சிடுச்சு. அதனால அந்த முதல் கட்டம்தான் இப்போ முக்கியம். ஊசி போட்ட எலி அதை எந்தக் காலத்துலயும் காட்டாது. பொறுமையா மாசக்கணக்குல நோய் வளர்ற எலிக்கு செலவு ஜாஸ்தி, பேப்பர் லேட்டா வரும். வரட்டுமே!

என் கூட வேலை பாக்குற ஒருத்தரோட அம்மாவுக்கு இப்போ நாலாவது கீமோ. சொந்தக்காரங்க தினம் ஒரு எலி செய்தி ஃபார்வர்ட் பண்றாங்க. "இந்த மருந்து எங்கப்பா கிடைக்கும்?"னு அந்தம்மா கேக்கறாங்களாம், அவரால பதில் சொல்ல முடியலை. அடுத்த தடவை அந்த மாதிரி லிங்க்கை உங்க பதிவுல போடறதுக்கு முன்னாடி, அந்த எலிக்கு கேன்சர் தானா வளர்ந்துச்சா, ஊசியில ஏத்துனதான்னு ஒரு வரி எழுதிட்டுப் போடுங்க சாமிகளா.

டிஸ்கி: பின்னூட்டத்துல கும்ம வர்றவங்க, நீங்க எந்த எலியைச் சொல்றீங்கன்னு முதல்ல சொல்லிட்டு கும்மவும்.