மொனிட்டர் இல்லாத கணனி

சகோதரிகளே, மொனிட்டர் பழுதாகி மூலையில் கிடக்கும் கணனியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். திரை நமக்குத்தான் தேவை, கணனிக்கு அல்ல. பெட்டி நன்றாக இருந்தால் பிள்ளைகளின் படங்களையும் பத்திரங்களின் பிரதிகளையும் சேமித்து வைக்க அதுவே போதும். இங்கிலாந்தில் 2012இல் வெளிவந்த உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணனியையும் பலர் திரையில்லாமலே பாவிக்கிறார்கள்.

அப்படியானால் அதற்குள் நடப்பதைப் பார்ப்பது எப்படி? வீஎன்சி என்றொரு மென்பொருள் இருக்கிறது. கணனியின் காட்சியை வீட்டு வைபை வழியாக உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். நீங்கள் தட்டுவதைத் திரும்ப அங்கே கொண்டுபோகும். ஆனால் மொனிட்டர் பூட்டாத கணனி பல வேளைகளில் காட்சியை வரைவதேயில்லை. கறுப்பாகத் தெரிந்ததும் கணனி செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

சிறிய எச்டிஎம்ஐ போலிச் செருகி ஒன்றைப் பின்னால் சொருகினால், மொனிட்டர் இருப்பதாகக் கணனி நம்பிவிடும். செலவில்லாத வழியும் உண்டு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸில் டைகர்வீஎன்சி சேர்வரை நிறுவினால் அது நினைவகத்திலேயே கற்பனைத் திரை ஒன்றை விரிக்கும். நிறுவும் அன்று மட்டும் வீட்டு டீவியை மொனிட்டராகப் பூட்டிக்கொள்ளுங்கள். திரை இலக்கம் 1, அளவு 1280க்கு 720 என்று கொடுங்கள். கைத்தொலைபேசிக்கு அது தாராளம். இது தனித் திரை. டீவியில் திறந்து வைத்தது இதில் தெரியாது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். முதலாம் இலக்கத் திரைக்கான வாசல் எண் 5901. 'வெளிநாட்டிலிருந்தும் பார்க்கலாம்' என்று சொல்லி, ரவுட்டரில் அந்த வாசலைத் திறந்துவிட யார் வந்தாலும் விடாதீர்கள். வீஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே பார்க்கும். நீங்கள் இருபது எழுத்தில் வைத்தாலும் மிச்சம் வீண்தான். அந்த முறையில் காட்சியும் மறைக்கப்படாமலே போகும். வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும் கணனிக்கு இந்தப் பூட்டுப் போதுமா? வீஎன்சி தன் கணனிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி அமைத்து, எஸ்எஸ்எச் என்ற மறைகுறியிட்ட வழியால் உள்ளே போங்கள். கைத்தொலைபேசியில் அதற்கும் இலவசச் செயலிகள் உண்டு.

பார்த்து முடிந்து கைத்தொலைபேசியில் மூடினாலும் அங்கே கற்பனைத் திரை மூடுவதில்லை. பாதியில் விட்ட கடிதம் நாளைக்கும் அப்படியே இருக்கும். கணனியை நிறுத்துமுன் அதைச் சேமித்துவிடுங்கள்.