தோலின் நிறமும் பச்சைக்குழந்தையின் உடல்நிலையும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

கொழும்பின் பாமன்கடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களிற் பிறக்கும் குழந்தைகளின் உடல்நிலையைத் தோலின் நிறத்தைக் கண்ணாற் பார்த்து மட்டும் முடிவுசெய்வது பாதுகாப்பானதன்று என்பதும், கண்ணுக்குப் பட்டதை அளவீட்டினால் உறுதிப்படுத்தும் வசதி ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடாகும்.

பிறந்த குழந்தைக்கு உடனடி உதவி தேவையா என்பதை அறிய உலகெங்கும் பயன்படும் அப்கார் மதிப்பெண்ணை 1952இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியரான வேர்ஜினியா அப்கார் வகுத்தார். இதயத்துடிப்பு, சுவாசம், தசைகளின் இறுக்கம், தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிட்டுக் கூட்டும் இம்முறை, முதலாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் கையாளப்படுகிறது. இவ்வைந்தில் நிறமே மிகவும் திருப்தியற்றது என 1953இல் வெளியான தமது முதற் கட்டுரையிலேயே அப்கார் எழுதியதோடு, கருமையான தோலுடைய குழந்தைகளில் அதை மதிப்பிடுவது கடினம் என்பதையும் சுட்டிக்காட்டினார். அவ்வெச்சரிக்கை எழுபது ஆண்டுகளாகப் போதிய கவனம் பெறாமற் போனது வருந்தத்தக்கது. பிரித்தானியாவில் 2023இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, வெண்ணிறத் தோலை மனதிற்கொண்டு எழுதப்பட்ட ‘உடல் முழுதும் இளஞ்சிவப்பு’ போன்ற வருணனைகள் ஆசிய, ஆபிரிக்கக் குழந்தைகளுக்குப் பொருந்தாதவை என்று கூறி, வழிகாட்டிகளைத் திருத்துமாறு கோரியது.

ஆகவே நீலம்பாய்தலை, அதாவது இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதால் தோன்றும் நிறமாற்றத்தை, மாநிறக் குழந்தையின் நாக்கிலும் முரசிலும் உதட்டின் உட்புறத்திலுமே தேட வேண்டும். முதல் நாளில் கைகால்கள் மட்டும் நீலமாயிருப்பது பெரும்பாலும் இயல்பானதே. ஐயம் எழுமிடத்து ஒட்சிசன் அளவுமானி பொருத்தப்பட வேண்டும். அக்கருவியும் கருமையான தோலில் உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக்காட்டக்கூடும் என்பதால், குழந்தையின் சுவாசத்தையும் பால்குடிக்கும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருதல் தகும்.

இவ்வமைப்பு அதிகம் கவலைகொள்வது செங்கமாரி எனப்படும் மஞ்சட்காமாலையைப் பற்றியாகும். சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைப் பச்சைக்குழந்தையின் முதிராத ஈரலால் விரைந்து அகற்ற முடிவதில்லை. நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 வீதமானோருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தென்படுவதும், பெரும்பாலானோருக்கு அது தானாகவே தணிவதும் உண்மையே. ஆயினும் அளவு மிகையாகி மூளையைத் தாக்கினால் செவிப்புலன் இழப்பும் நிரந்தர அசைவுக் குறைபாடும் நேரிடும். பிலிரூபின் உச்சத்தை எட்டுவது பொதுவாக 3ஆம் நாளுக்கும் 5ஆம் நாளுக்கும் இடையில் என்பதால், சுகப்பிரசவமான தாய் காசல் வீதி வைத்தியசாலையிலிருந்தோ களுபோவில வைத்தியசாலையிலிருந்தோ வீடு திரும்பிய பின்னரே ஆபத்துக் காலம் தொடங்குகிறது. திரைச்சீலை இழுத்த தொடர்மாடி அறையில், மின்குமிழ் வெளிச்சத்தில், மாநிறத் தோலின் மஞ்சளைப் பாட்டியின் தேர்ந்த கண்ணும் தவறவிடலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்மையையும் முரசையும் பார்த்தல், சந்தேகம் தோன்றினால் இரத்தப் பரிசோதனையாலோ தோல்மீது வைத்து அளக்கும் கருவியாலோ அளவறிதல் என்பதே சரியான ஒழுங்கு.

காலை வெயிலிற் குழந்தையைக் கிடத்தும் வழக்கம் அன்பினால் வந்தது. 1950களில் இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில் வெயில்பட்ட குழந்தைகளின் மஞ்சள் மங்கியதைத் தாதி ஒருவர் கவனித்ததிலிருந்தே இன்றைய நீலஒளிச் சிகிச்சை பிறந்தது. எனினும் அளவறியாத வெயில் சிகிச்சையாகாது. அது குழந்தையின் உடலைச் சூடேற்றி நீரிழப்பை உண்டாக்குவதோடு, வைத்தியசாலைக்குச் செல்லும் நேரத்தையும் பின்தள்ளுகிறது. அலுமாரியிற் பூச்சி உருண்டை இட்டு வைத்த பழைய குழந்தை உடுப்புகளை அணிவிப்பதையும் இவ்வமைப்பு வன்மையாக எதிர்க்கிறது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாயுள்ள குழந்தைகளில், அவ்வுருண்டையிலுள்ள நப்தலீன் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கக்கூடியது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி, பிறந்து 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் ஒரு பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வரும் நெடிய மரபுள்ள இலங்கையில் இது எட்டாத இலக்கன்று. ஆனால் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வந்து வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் பிள்ளை பெறும் தாய்மாரின் பெயர், அவர்கள் தங்கியுள்ள பகுதியின் பதிவில் இல்லாதபோது அந்த வருகை தவறிப்போகிறது. வைத்தியசாலையை விட்டு வெளியேறும் வேளையில் தங்கும் முகவரியை உறுதிசெய்து உரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கும் நடைமுறை, தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள், தமிழில் விளக்கப்பட்ட அபாய அறிகுறிகள் ஆகியவற்றை இவ்வமைப்பு கொழும்பு மாநகர சபையிடமும் சுகாதார அமைச்சிடமும் கோருகிறது. துடக்கைக் காரணங்காட்டி உத்தியோகத்தரை வாசலோடு திருப்பியனுப்புவது குழந்தைக்கு இழைக்கும் அநீதியாகும்.

முதல் 24 மணித்தியாலத்திற்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பால்குடிக்க எழுப்ப முடியாத அளவுக்குக் குழந்தை சோர்ந்தாலோ, 14 நாள்கள் கடந்தும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் வெளிறிச் சிறுநீர் கடும் நிறமடைந்தாலோ, நேரகாலம் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமாறு பெற்றோரை இவ்வமைப்பு வேண்டிக்கொள்கிறது. இவற்றுள் வெளிறிய மலம் பித்தநாள அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை 60 நாள்களுக்குள் செய்யப்படும்போதே கூடிய பயன் தருகிறது.