ஏரி ஈரநிலம் ஆகாதா?

செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலில் ஒரு குடியானவரை நிறுத்தி ஏரி எதற்கு என்று கேட்டால், பாசனத்திற்கு என்பார். அது பாதி உண்மையே. வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும், கோடையில் கிணறுகளுக்கு ஊற்றளிப்பதும், மீனுக்கும் நாரைக்கும் இரையளிப்பதும் அதே ஏரிதான்.

இதை வேடந்தாங்கல் ஜனங்கள் வெகுநாளைக்கு முன்பே அறிந்திருந்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஜலம் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவர்கள், வெள்ளைச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். சட்டம் பயின்ற நமக்கே இந்த முன்யோசனை வியப்பளிக்கிறது. 2022-ல் அவ்வேரி, ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று.

ஆனால் இந்திய சர்க்கார் 2017-ல் இயற்றிய ஈரநில விதிகளோ, பாசனத்திற்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகள் ஈரநிலமல்ல என்று விலக்குகின்றன. நம் முன்னோர் ஏரிகளை வேறெதற்காக வெட்டினார்கள்? வேடந்தாங்கலுக்கு ராம்சர் பட்டம் துணையிருக்கிறது. பட்டமில்லாத மாகறல் போன்ற ஊர்களின் ஏரிகளில் நாளைக்குக் கழிவுநீர் கலந்தாலும், உள்வாய் மனைகளானாலும், இந்த விதிகளைக் காட்டி முறையிட ஊராருக்கு வழியில்லை. ஒரு வாசகத்தின் பிழையால் ஆயிரக்கணக்கான ஏரிகள் காப்பின்றி நிற்கின்றன.

இவ்விலக்கை உடனே நீக்குமாறு டில்லி சர்க்காரையும், அதற்காக வற்புறுத்துமாறு சென்னை சர்க்காரையும் கேட்டுக்கொள்கிறோம். கலெக்டர் பிளேஸ் செவிசாய்த்த வழக்குதான் இது.